எத்தனை மணிக்குப் புறப்படுவது?

சென்ற மாதம் இப்பகுதியில், குளிர்கால விடுமுறையில் குழந்தைகளை அழைத்துச் செல்லத்தக்க இடங்கள் சிலவற்றைக் குறித்து எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர்கள் சிலர் சங்க நூலகத்தில் என்னைக் கண்டு, "இடமெல்லாம் சொன்னீர், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும் என்பதைச் சொல்லவில்லையே" என்று குறைப்பட்டுக்கொண்டனர். லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து சகோதரி ஒருவர் கடிதமே எழுதிவிட்டார். இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவன் நேரத்தைப் பற்றிப் பேசாது விட்டது குற்றந்தான். ஒப்புக்கொள்கிறேன்.

விலங்குக் காட்சிசாலைக்கும் அருங்காட்சியகத்துக்கும் இந்தக் கணக்கு அவ்வளவாக வேண்டியதில்லை. 1876-இல் திறக்கப்பெற்ற அலிப்பூர் விலங்குக் காட்சிசாலைக்குப் பத்து மணிக்குப் போனாலும் பன்னிரண்டு மணிக்குப் போனாலும் புலி அங்கேதான் இருக்கும். உறங்கிக்கொண்டிருக்கும் என்பது வேறு செய்தி. இங்கே நான் பேசப் புகுவது, குறித்த வேளையில் தொடங்கிக் குறித்த வேளையில் முடிந்துவிடும் காட்சிகளைப் பற்றி: கோளரங்கத்தின் விண்மீன் காட்சி, அறிவியல் நகரத்தின் அரங்குகள், திறந்த வெளியில் நடைபெறும் ஒளி–ஒலிக் காட்சிகள், கேளிக்கைப் பூங்காக்களின் மேடை நிகழ்ச்சிகள். இவை புலியைப் போல நமக்காகக் காத்திருப்பதில்லை. ரயிலைப் போன்றவை.

நம்மவர்க்கு இது எளிதில் மனத்தில் படிவதில்லை. ஊரில் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கூட்டம் சேர்ந்த பிறகே கூத்துத் தொடங்கும். இடையில் வந்தவனுக்கும் பாய் விரிக்க இடம் கிடைக்கும். உறங்கி விழித்தவன் பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுக் கதையைத் தொடர்ந்துகொள்வான். வங்காளத்து ஜாத்திராவும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. விடிய விடிய நடக்கும் கலைக்குக் கடிகாரம் எதற்கு? ஆனால் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும் காட்சிக்குப் பத்து நிமிடம் பிந்திப் போகிறவன் கால் பங்கை இழக்கிறான். பல இடங்களில் முழுவதையுமே இழக்கிறான், கதவு சாத்தப்பட்டுவிடுகிறது.

இழந்தவன் என்ற முறையில்தான் இதனை எழுதுகிறேன். என்னைச் சிறு வயதிலிருந்து வளர்த்தவர் என் பெரியம்மா. சில ஆண்டுகளுக்கு முன் மாயவரத்திலிருந்து வந்து எங்களோடு ஒரு மாதம் தங்கியிருந்தார். "வீட்டுக்குள்ளேயே வானத்தைக் காட்டுவார்கள், பாட்டி" என்று என் மகள் நாள்தோறும் சொல்லிச் சொல்லி அவருக்கும் ஆசை பிறந்துவிட்டது. இன்று போகலாம், நாளை போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் ஊருக்குப் புறப்படும் நாளே வந்துவிட்டது. சென்னை மெயில் இரவில்தானே, பகல் முழுதும் நம் கையில் இருக்கிறதே என்று நினைத்தேன். காலையில் காளிகட்டத்திற்கு அழைத்துச் சென்றேன். வந்து சமையல், சாப்பாடு, சிறிது ஓய்வு. அன்றைய கடைசிக் காட்சிக்குக் கணக்கிட்டுப் புறப்பட்டோம். இடத்தின் பெயர் வேண்டாம், தவறு என்னுடையது. பயணத்திற்கு அரை மணி என்று போட்ட கணக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் பெரியம்மா மெட்ரோப் படிகளை ஒவ்வொன்றாக இறங்குவார் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பைகளைச் சோதனை இயந்திரத்தில் வைத்து எடுப்பதைச் சேர்க்கவில்லை. சீட்டு வாங்கும் வரிசையைச் சேர்க்கவில்லை. மகனுக்கு அந்த நேரத்தில் கழிப்பறை வேண்டியிருக்கும் என்பதை எந்தத் தகப்பன்தான் முன்கூட்டி அறிவான்? நாங்கள் வாயிலை அடைந்தபோது கதவு மூடி நான்கு நிமிடம் ஆகியிருந்தது. காவலர் கை கூப்பித் தம் இயலாமையைச் சொன்னார். "போகட்டும்டா, அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கலாம்" என்றார் பெரியம்மா. பிறகு அவருடைய முழங்கால் மிகவும் தேய்ந்துவிட்டது. ஒன்றரை நாள் ரயில் பயணம் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

காவலர்மேல் அன்று எனக்குச் சினம் வந்தது உண்மை. பின்னர் விவரம் அறிந்தபோது சினம் தணிந்தது. வெயிலிலிருந்து இருட்டறைக்குள் நுழைபவரின் கண், மங்கிய ஒளிப்புள்ளிகளைக் காணும் அளவுக்கு முழுமையாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடம்வரை பிடிக்கும். முதியோர்க்கு இன்னும் கூடுதல். அதனால்தான் காட்சி நடத்துவோர் விளக்குகளை ஒரேயடியாக அணைக்காமல், மாலை மயங்குவது போலச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு போகின்றனர். நடுவில் ஒருமுறை கதவைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டால், அமர்ந்திருக்கும் அத்தனை பேருடைய கண்களும் மறுபடியும் தொடக்கத்திலிருந்து பழகவேண்டும். இருளில் படி தடுக்கி விழக்கூடிய முதியவரைக் கையைப் பிடித்து இருக்கைக்கு அழைத்துச் செல்லவும் அப்போது ஆள் இருக்கமாட்டார். கதவை மூடுவது கடுமையன்று. உள்ளே இருப்பவர்க்குச் செய்யும் நீதி.

இனிக் கணக்கிற்கு வருவோம். பெரும்பாலோர் வீட்டு வாசலிலிருந்து முன்னோக்கிக் கணக்கிடுகின்றனர். கணக்குக் காட்சியிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். காட்சி பிற்பகல் 2.30 என்று கொள்வோம். நல்ல இருக்கை வேண்டுமானால் 2.10-க்கு அரங்கக் கதவருகே நிற்க வேண்டும். கவிகை அரங்குகளில் முன்வரிசையில் அமர்ந்தால் கழுத்து வலிக்கும். சாய்ந்த தளமுள்ள அரங்கில் பின்னிருந்து மூன்று நான்கு வரிசை நடுப்பகுதியே உத்தமம். முந்தி நிற்பவர்க்கே அது கிட்டும். தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் 10 நிமிடம், ஆக 2.00. சீட்டு வாங்குமிடத்தில் விடுமுறை நாளானால் 35 நிமிடம் ஒதுக்குக, 1.25. நுழைவாயிலும் பைச்சோதனையும் 10, 1.15. பயணம் 50 நிமிடம் என்றால் 12.25. வீட்டைப் பூட்டிய பிறகு கண்ணாடியையோ கைக்குட்டையையோ மறந்ததற்காகத் திரும்பத் திறப்பது எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அதற்கு 15, ஆக 12.10. இதற்கு மேலும் ஒரு 15 நிமிடத்தை எதற்கென்றும் பெயரிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். 11.55-க்குப் புறப்பட வேண்டும்.

பெயரில்லாத அந்தப் 15 நிமிடம் எங்கள் தொழிலில் கற்றது. ரயில்களின் கால அட்டவணையைக் கூர்ந்து பார்ப்பவர்க்கு ஒரு புதிர் தென்படும்: பயணத்தின் கடைசிச் சில கல் தொலைவுக்கு மட்டும் வழக்கத்தைவிட மிகுதியான நேரம் குறித்திருப்பார்கள். வண்டி அங்கே ஊர்ந்து செல்கிறது என்று பொருளன்று. வழியில் நேர்ந்த தாமதத்தை ஈடுகட்டிக்கொண்டு உரிய வேளையில் நிலையம் சேர்வதற்காக விட்டுவைத்த இடைவெளி அது. தாமதமே நேராவிட்டால் வண்டி முன்கூட்டியே வந்து வெளிச் சைகைக் கம்பத்தருகே நிற்கும், பயணிகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுப்பு நல்லது, வண்டி தவறவிட்டவரின் அழுகையை நான் அருகிலிருந்து கேட்டிருக்கிறேன்.

கடைசிக் காட்சியைக் குறி வைக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கு முந்தியதைக் குறி வையுங்கள். தவறினால் இன்னொன்று இருக்கும். நான் செய்யாமல் விட்டது இதுதான்.

நம் நகரத்தில் இந்தக் கணக்குப் பெரிதும் பயன்படும் இடம் அறிவியல் நகரம். 1997 ஜூலை முதல் நாள் அன்றைய பிரதமர் ஐ. கே. குஜ்ரால் அவர்கள் திறந்து வைத்தது; ஏறத்தாழ 50 ஏக்கர் பரப்பு. இங்கே நுழைவுச் சீட்டு வேறு, தனிக் காட்சிகளின் சீட்டு வேறு. இதை அறியாமல் உள்ளே நுழைந்து, பூங்காவையெல்லாம் சுற்றிக் களைத்த பிறகு விண்வெளி அரங்கின் வாயிலுக்குப் போய், "சீட்டு எங்கே?" என்று கேட்கப்பட்டுத் திகைப்பவர்கள் பலர். நுழையும்போதே எந்தெந்தக் காட்சி, எந்த வேளை என்பதை முடிவு செய்து சீட்டை வாங்கிவிடுக. கைப்பேசி வழியே முன்னரே வாங்க இயலுமானால் அதைவிட மேல். அரங்கங்களில் சில பெரியவை. 'கால இயந்திரம்' என்ற அசையும் கூடமோ ஒரு தடவைக்கு 30 பேருக்குத்தான் இடம் கொடுப்பது. ஏறுவது, காண்பது, இறங்குவது எல்லாம் சேர்ந்து ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 180 பேர். உமக்கு முன் 90 பேர் நின்றால் அரை மணி நேரம் நிற்கத்தான் வேண்டும். எவ்வளவு முண்டியடித்தாலும் அது குறையாது. சங்கத்திலிருந்து நாற்பது பேராகச் செல்லும்போது கூட்டம் இரண்டாகப் பிரியும் என்பதையும், எந்தக் குழந்தை யாருடன் செல்லும் என்பதையும் வரிசையில் சேருமுன்பே பேசிக்கொள்ளுங்கள். கயிற்றுத் தடுப்பருகே நின்று பேசினால் குழந்தைகள் அழும்.

வரிசைக்கும் ஒரு சாத்திரம் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்பவர், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியபோது, அழைப்புகள் எவ்வாறு வந்து குவிகின்றன என்பதை ஆராய்ந்து 1909-இல் கட்டுரை வெளியிட்டார். அங்கிருந்து தொடங்கிய கணிதத்தில், 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் ஒரு விதியை நிறுவினார். அதனை நம் வீட்டுக் கணக்காகச் சொன்னால் இவ்வளவுதான்: வரிசையில் நிற்போர் எத்தனை பேர் என்று எண்ணுக, சாளரத்தை விட்டு ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் சீட்டுடன் அகல்கிறார்கள் என்று பார்க்க, முதலதை இரண்டாவதால் வகுக்க. 60 பேர் நின்று, நிமிடத்திற்கு மூவர் அகன்றால் 20 நிமிடம். சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருப்பவர்க்கு இது நாள்தோறும் கண்கூடு. கடைசி நேரத்தில் ஓடிவந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று கண்ணாடியைத் தட்டுவதால் நிமிடத்திற்கு மூவர் என்பது இருவராகுமே அன்றி நால்வராகாது.

1955 ஜூலையில் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது முதல், கேளிக்கைப் பூங்கா நடத்துவோர்க்கு இந்த வரிசையே தீராத தலைவலி. 1999-இல் டிஸ்னி பூங்காக்களில், "இந்த வேளைக்குத் திரும்பி வருக" என்று சீட்டுக் கொடுத்து மக்களை வரிசையிலிருந்து விடுவிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினர். நம் நாட்டில் ஐதராபாத் அருகே 1996-இல் திறக்கப்பட்ட ராமோஜி திரைப்பட நகரில் சண்டைக் காட்சி, ஆடல் நிகழ்ச்சி போன்றவை மேடைகளில் நேரடியாக நடைபெறும். விடுப்புச் சலுகைச் சீட்டில் அப்பக்கம் செல்லும் நம் ரயில்வே அன்பர்கள் உள்ளே நுழைந்தவுடன் அறிவிப்புப் பலகையை நோக்குவார்களாக. நாளில் இரண்டொரு தடவையே நடக்கும் காட்சிகளை முதலில் ஆணியடித்தாற்போல் குறித்துக்கொண்டு, எந்நேரமும் சுழலும் இராட்டினங்களை இடைவேளைகளில் நிரப்புவதே முறை. நம் சால்ட் லேக் நான்காம் பகுதியில் 1991 முதல் இருக்கும் நிக்கோ பூங்காவுக்கும் இது பொருந்தும்.

கோளரங்கத்தைப் பற்றித் தனியே ஒரு சொல். சௌரங்கி சாலையில் சாஞ்சித் தூபத்தின் வடிவில் எழுந்து, 1963 ஜூலை 2-இல் பிரதமர் நேரு அவர்களால் தொடங்கி வைக்கப்பெற்ற பிர்லா கோளரங்கம், சீரமைப்புக்குப் பின் 2017-இல் மீண்டும் திறந்தது. வங்கம், இந்தி, ஆங்கிலம் என ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு வேளை. ஊரிலிருந்து வரும் நம் பெரியோர்க்கு இம்மூன்றும் எட்டாதிருக்கலாம். பேரன் இருளில் காதோடு காதாக மொழிபெயர்த்தால் பக்கத்து இருக்கைக்காரர் சீறுவார். அவர் சீறுவதும் நியாயமே. ஆகையால் அரைமணி முன்னதாகச் செல்க. அங்குள்ள வானியல் கூடத்தில் வானியலறிஞர்களின் படங்களும் மாதிரிகளும் உண்டு. அவற்றைக் காட்டியபடி, "இனி இருட்டும், பிறகு சப்தரிஷி மண்டலம் வரும், அப்புறம் சனிக்கிரகத்தின் வளையம் தெரியும்" என்று தமிழில் கதையை முன்னரே சொல்லிவிட்டால், உள்ளே அவர்களுக்கு மொழி வேண்டியதில்லை. வானத்தைப் பார்த்தால் போதும்.

திறந்த வெளி ஒளி–ஒலிக் காட்சிகளில் ஊரார் ஏமாறுவது வேறொரு காரணத்தால். டிசம்பரில் சென்னையில் மாலை ஐந்தே முக்கால் அளவில்தான் கதிரவன் மறைகிறான்; கொல்கத்தாவில் ஐந்து மணிக்குள் மறைந்துவிடுகிறான். இரண்டு நகரங்களுக்கும் இடையே எட்டு பாகை தீர்க்கரேகை இருக்கிறது. அதுவே அரைமணி நேரம். நாம் வடக்கே தள்ளியிருப்பதால் குளிர்காலப் பகல் இன்னும் சிறுக்கிறது. ஆகவே குளிர்காலத்தில் இக்காட்சிகள் கோடையைவிட முன்னதாகவே தொடங்கிவிடும். முன்னாளில் இந்த அரைமணி பெருங்குழப்பம் விளைத்ததுண்டு. 1906-இல் இந்தியப் பொதுநேரம் வரும்வரை, ரயில்கள் சென்னை நேரத்தையே பின்பற்றி ஓடின. கொல்கத்தா நகரத்தின் கடிகாரமோ அதைவிட ஏறத்தாழ 32 நிமிடம் முந்தியது. பொதுநேரம் வந்த பின்னரும் தன் சொந்த நேரத்தை இந்நகரம் 1948 வரை விடவில்லை. ஹௌராவுக்கு ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துப் புறப்பட்டவருக்கு அரைமணி மிச்சமாகியிருக்கும். கொடுத்து வைத்தவர்கள்!

பயணத்தைப் பொறுத்தவரை முன்னைவிட இப்போது வசதி மிகுதி. 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றின் அடியில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2025 ஆகஸ்டு முதல் ஹௌரா மைதானத்திலிருந்து ஐந்தாம் பகுதி வரை ஒரே வண்டியில் செல்லலாம். அதே மாதத்தில் ஆரஞ்சுத் தடம் ரூபியிலிருந்து பேலியாகட்டா வரை நீண்டது. அதிலுள்ள பருண் சேன்குப்தா நிலையத்தில் இறங்கினால் அறிவியல் நகரம் அருகில். கரியாஹாட்டிலிருந்து ரூபிக்குப் பங்கு ஆட்டோ உண்டு. ஆயினும் விடுமுறை நாளில் அத்தடத்தில் வண்டி ஓடுகிறதா, எத்தனை நிமிடத்திற்கு ஒன்று என்பதை முதல்நாளே விசாரித்துக்கொள்க. டிசம்பர் 25-உம் ஜனவரி முதல் நாளும் நகரமே வெளியில் இருக்கும். அந்த இரு நாட்களில் மேற்சொன்ன கணக்கு எதுவும் செல்லாது.

இக்கட்டுரையின் முதற்படியை என் இல்லாளிடம் படித்துக் காட்டினேன். "11.55-க்குப் புறப்பட வேண்டுமானால் பதினொன்றேகாலுக்கு ஆறு பேர் சாப்பிட உட்கார வேண்டும். அடுப்பு எத்தனை மணிக்கு எரிய வேண்டும்? உங்கள் அட்டவணையில் சமையலறை என்ற நிலையத்தில் வண்டி நிற்பதே இல்லையே?" என்றாள். விடை சொல்ல இயலவில்லை. பல அரங்குகளில் வெளியுணவை உள்ளே கொண்டு செல்ல விடுவதுமில்லை. இறுதியில் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: அன்றைக்குச் சாம்பார், கறி, கூட்டு எதுவும் இல்லை, காலை எட்டு மணிக்கு வயிறு நிறைய இட்லி, பதினொரு மணிக்குத் தயிர்ச்சாதமும் மாவடுவும். தயிர்ச்சாதத்தைப் பிசைவது என் பொறுப்பு.

சென்ற மாதம் அந்த ஏற்பாட்டின்படி குழந்தைகளைக் கோளரங்கத்திற்கு அழைத்துச் சென்றோம். வானியல் கூடத்தில் சுற்றுவதற்கும் நேரம் இருந்தது. இரவு மாயவரத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். என் மகள் இருட்டியது முதல் விடிந்தது வரை ஒன்று விடாமல் பாட்டிக்குச் சொன்னாள். இருபது நிமிடத்திற்கு மேல் ஆயிற்று. பெரியம்மா இடைமறிக்காமல் கேட்டுவிட்டு, "கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி போய்ட்டேளா?" என்று மட்டும் கேட்டார்.

"இருபத்தைந்து நிமிஷம் முன்னாடியே, பாட்டி. அப்பா எங்களை நிக்க வச்சுட்டார்" என்றாள் மகள்.

அடுத்த இதழில் சால்ட் லேக்கில் நடைபெறும் புத்தகக் கண்காட்சிக்குச் செல்வதைக் குறித்து எழுத எண்ணியுள்ளேன். ஐயமுள்ள அன்பர்கள் வழக்கம்போல் சங்க அலுவலகத்து முகவரிக்கு எழுதுவார்களாக.